முன்னங்காலில் காது

ஐப்பசி அடைமழை விட்டிருக்கும் ஒரு காலையில் திட்டக்குடிப் பக்கம் சம்பா வயல் ஒன்றில் இறங்கி, நெல் இலைகளின் நுனியை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனால், வெளிர்மஞ்சள் ரோமம் மூடிய சிறுசிறு திட்டுகள் கண்ணில் படும். மஞ்சள் குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியல்கள் அவை. தாய் அந்துப்பூச்சி முட்டையிட்டு முடித்ததும் தன் வயிற்று நுனியில் உள்ள ரோமத்தாலேயே அவற்றை மூடிவிட்டுப் போகிறது. முட்டை பொரிந்தால் புழு தண்டைத் துளைத்து உள்ளே இறங்கும். பயிர் இளசாக இருந்தால் நடுக்குருத்து காயும். கதிர் வரும் நேரமாக இருந்தால் மணி பிடிக்காத வெண்கதிர் விறைத்து நிற்கும். சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல் என்ற அளவைத் தொட்டால் கட்டுப்பாட்டில் இறங்க வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

அந்தத் திட்டுகளில் சில கிழிந்து கிடக்கும். ரோமப் போர்வை குதறப்பட்டு, முட்டைகள் இருந்த இடம் காலியாகி, இலையோடு ஒட்டிய விளிம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். ஒட்டுண்ணிக் குளவி தாக்கிய குவியல் இப்படி இருக்காது. அந்தக் குளவி முட்டைக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று முடிக்கும். மேல்போர்வை பெரும்பாலும் கலையாது. இங்கே நடந்திருப்பது வேறு. ரோமத்தையும் சேர்த்துக் கடித்துத் தின்னும் அளவுக்குத் தாடை வலுத்த ஒரு பூச்சி வந்து போயிருக்கிறது.

அது வெகுதூரம் போயிருக்காது. பக்கத்துத் தூரில், இலைக்கு மறுபுறம், உடம்பை இலையோடு ஒட்டி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாம் இந்தப் பக்கம் நகர்ந்தால் அது அந்தப் பக்கம் நகரும். இலைக்கு வெளியே தெரிவது இரண்டு உணர்கொம்புகள் மட்டும்: மயிரிழையை விட மெலிந்தவை, உடலைப் போலப் பல மடங்கு நீண்டவை, எந்நேரமும் காற்றைத் துழாவிக்கொண்டிருப்பவை. கையை வைத்து மெல்ல மடக்கிப் பிடித்தால் பச்சை உடம்பு, கூம்பிய தலை, தலையிலிருந்து முதுகுவழியே ஓடும் பழுப்புப் பட்டை, பழுப்புச் சிறகில் கரும்புள்ளிகள். கோனோசெபாலஸ் மாகுலேட்டஸ் என்பது இதற்கு அறிவியல் இட்டிருக்கும் பெயர். நெல் வயலில் இதன் நெருங்கிய சொந்தமான கோனோசெபாலஸ் லாஞ்சிபென்னிஸும் உண்டு. பெண்ணாக இருந்தால் வயிற்று முனையில் வாள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டுவதற்கான கொடுக்கு என்று பலர் பயந்து உதறிவிடுகிறார்கள். புல்லின் தண்டிலும் இலையுறைக்கு உள்ளேயும் முட்டையைச் செருகுவதற்கான உறுப்பு அது. நம்மை எதுவும் செய்யாது. கடிப்பது தாடைதான், அதுவும் இறுக்கிப் பிடித்தால்தான்.

இதை நாம் வெட்டுக்கிளிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். வெள்ளாற்றின் இரு கரையிலும், கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரிப் பாசனத்திலும், கரும்புக் கொல்லையிலும், மக்காச்சோளக் காட்டிலும் தத்தித் திரியும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். கண்ணுக்கு ஒற்றுமை இருப்பதால் அப்படிச் சொல்வதில் தவறில்லை; ஆனால் பயிருக்கு நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பையும் அந்த ஒரே பெயரை வைத்துக் கொடுத்துவிடுவதுதான் வேதனை. 2020 மே மாதக் கடைசியில் வடமாநிலங்களைப் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் தாக்கிக்கொண்டிருந்த செய்தி தினமும் தொலைக்காட்சியில் ஓடியது. அந்த நேரம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் பூச்சிகள் மொய்த்ததைக் கண்டு விவசாயிகள் கலங்கிப்போனார்கள். வேளாண் அதிகாரிகள் வந்து பார்த்து, அவை உள்ளூர் வகை, பாலைவன வெட்டுக்கிளி அல்ல என்று சொன்ன பிறகுதான் பதற்றம் தணிந்தது. அங்கே குழப்பம் வெட்டுக்கிளிக்குள்ளேயே நடந்தது. நம் நெல் வயல் வேட்டைக்காரனோ அந்தக் குடும்பத்திலேயே சேராதது.

வெட்டுக்கிளிகளின் உணர்கொம்பு குட்டை. காது வயிற்றின் பக்கவாட்டில். பாடும் இனங்கள் பலவும் பின்னங்காலைச் சிறகில் தேய்த்துப் பாடுகின்றன. நாம் பேசும் கூட்டத்தை இந்த அத்தியாயத்தில் நீள்கொம்பு வெட்டுக்கிளி என்றே அழைக்கிறேன். இதற்குக் கொம்பு நீளம், காது முன்னங்காலில், சிறகோடு சிறகைத் தேய்த்துப் பாடும். ரத்த உறவு என்று பார்த்தால் இது இரவில் வீட்டு மூலையில் கத்தும் சுவர்க்கோழிக்குப் பங்காளி. வெட்டுக்கிளிகளின் வழியும் இவற்றின் வழியும் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டைனோசர்கள் தலையெடுப்பதற்கும் முன்னால், பிரிந்துவிட்டன. உலகம் முழுவதும் 8,000 இனங்களுக்கு மேல் பெயரிடப்பட்டிருக்கும் பெருங்குடும்பம் இது. இலை போன்றவை, மரப்பட்டை போன்றவை, பாசி படிந்த கிளை போன்றவை என்று வேடத்துக்குப் பஞ்சமில்லாத கூட்டம். இதன் நிஜமான அடையாளம் மட்டும் கண்ணுக்கு எட்டுவதில்லை. காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும்.

பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். ஆணின் முன்சிறகுகள் இரண்டும் முதுகின்மேல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இடது சிறகு மேலே, வலது கீழே. (சுவர்க்கோழியில் பெரும்பாலும் இது தலைகீழ்: வலது மேலே இருக்கும்.) இடது சிறகின் அடிப்பக்கம் ஒரு நரம்பு தடித்து, வரிசையாகப் பற்கள் முளைத்து, அரம் போல ஆகியிருக்கிறது. வலது சிறகின் விளிம்பு கடினமான ஒரு சுரண்டி. சிறகுகளை விரித்து மூடும்போது சுரண்டி பற்களின்மேல் இழுபடும். சீப்பின் பற்களை நகத்தால் ஒரே இழுப்பாக இழுத்தால் எழும் சத்தம்தான் இங்கே அடிப்படை. அந்தச் சத்தத்தைப் பெரிதாக்க, வலது சிறகில் கண்ணாடித்தாள் போல மெல்லிய ஒரு சவ்வுப்பகுதி இருக்கிறது. பற்கள் எத்தனை, எவ்வளவு நெருக்கம், சிறகு எவ்வளவு வேகமாக மூடுகிறது, இரண்டு இழுப்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்து ஒவ்வோர் இனத்துக்கும் தனிப்பாட்டு.

இந்தக் கருவி எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. வட சீனாவில் கிடைத்த புதைபடிவம் ஒன்றில், 16 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதைப் பூச்சியின் சிறகுகள் அரத்தின் பற்கள் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பதிந்திருந்தன. ஆர்க்காபாய்லஸ் மியூசிக்கஸ் என்று அதற்குப் பெயர். சீன, பிரிட்டிஷ், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து பற்களின் இடைவெளியையும் சிறகின் அளவையும் கணக்கிட்டு, அது 6.4 கிலோஹெர்ட்ஸில் தூய ஒற்றைச் சுரம் எழுப்பியிருக்கும் என்று 2012இல் காட்டினார்கள். டைனோசர் காலத்து இரவு ஒன்றின் சத்தத்தைக் கணக்குப் போட்டு மீட்டிருக்கிறார்கள். படித்த நாளிலிருந்து எனக்கு இந்த வியப்பு அடங்கவில்லை.

பாட்டைக் கேட்கும் காது, முன்னங்காலின் முட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் இரு பக்கமும் ஒவ்வொரு செவிப்பறை. ஒலி வெளியிலிருந்து நேராகச் செவிப்பறையில் படுகிறது. அது போதாதென்று, மார்பின் பக்கத்தில் உள்ள மூச்சுத் துளை ஒன்றிலிருந்து கிளம்பும் குழாய் காலின் உள்ளே இறங்கி வந்து செவிப்பறையின் பின்புறத்தைத் தொடுகிறது. அந்தக் குழாய் வாயகன்று போகப்போகக் குறுகுவதால், உள்ளே போகும் ஒலி வலுப்பெறுகிறது. ஆக, இந்தப் பூச்சி மார்பு வழியாகவும் கேட்கிறது.

இதே 2012இல் இன்னொரு செய்தியும் வந்தது. கொலம்பியாவின் கொர்கோனா தீவில் வாழும் கோப்பிஃபோரா கொர்கோனென்சிஸ் என்ற நீள்கொம்பு வெட்டுக்கிளியின் காதை ஃபெர்னாண்டோ மாண்டியாலெக்ரே, டேனியல் ராபர்ட் குழுவினர் லேசர் கொண்டு ஆராய்ந்தார்கள். செவிப்பறையின் அதிர்வை ஒரு சிறு நெம்புகோல் தட்டு வாங்கி, திரவம் நிறைந்த ஒரு சின்ன அறைக்குக் கடத்துகிறது. அங்கே உணர்செல்கள் வரிசையாக உட்கார்ந்து, உயர்ந்த சுரத்துக்கு ஒரு முனை, தாழ்ந்த சுரத்துக்கு மறுமுனை என்று பிரித்துக் கேட்கின்றன. செவிப்பறை, நெம்புகோல் எலும்புகள், திரவம் நிறைந்த நத்தைச்சுருள் என்று நம் காதில் இருக்கும் அதே மூன்று படிகள். நமக்கு ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 உணர்செல்கள். இவற்றுக்குச் சில பத்துகள்தான். பாலூட்டிக்கும் பூச்சிக்கும் பொதுவான மூதாதையிடம் இப்படி ஒரு காது இருந்ததில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு பரம்பரைகள் தனித்தனியே ஒரே விடையை எட்டியிருக்கின்றன.

நம் நெல் வயல் பூச்சியின் பாட்டுக்குத் திரும்புவோம். அது பாடுவதே நம்மில் பலருக்குத் தெரியாததற்குக் காரணம் உண்டு. கோனோசெபாலஸ் பாட்டின் பெரும்பகுதி, மனிதக் காதின் மேல் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் தாண்டியும் போகிறது. நமக்கு எட்டுவது அதன் அடிவிளிம்பு மட்டும். வயதாக ஆக நமக்கு முதலில் மங்குவதும் இந்த உயர்சுரங்கள்தான்.

ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரம் வெள்ளாற்றங்கரை வயல் வரப்பில் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் பேரனோடு வந்தார். "என்னா தம்பி, இங்க வந்து உக்காந்துருக்க? பாம்பு கீம்பு கெடக்கப் போவுது" என்றார். பூச்சி பாடுவதைக் கேட்கிறேன் என்றதும் அவரும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சற்று நேரம் பொறுத்து, "ஒண்ணும் கேக்கலியே தம்பி" என்றார். பையன் உடனே, "இந்தா, இங்கதான் தாத்தா, 'ட்ஸ்ஸ் ட்ஸ்ஸ்'னு கத்துது பாரு" என்று ஒரு தூரைக் காட்டினான். அவன் காட்டிய இடத்தில் அது இருந்தது. சிறகு ரெண்டும் நடுங்கியதால் அதன் உருவம் மங்கலாகத் தெரிந்தது. பெரியவர் குனிந்து அந்த நடுக்கத்தைப் பார்த்தார். "சின்னப் புள்ளையில எனக்கும் கேட்டிருக்கும்போல. அப்ப யாரு இதயெல்லாம் கவனிச்சா" என்றார். பிறகு அவரே பேரனை விட்டு அடுத்த வரப்பிலும் தேடச் சொன்னார். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வயலுக்கு அழைத்துப் போங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது அதனால்தான். இந்த வேலையில் அவர்கள் காதுதான் நல்ல கருவி.

காதை நம்பினால் என்னவெல்லாம் தெரியவரும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. மெக்கோபோடா எலாங்கேட்டா என்பது இந்தக் குடும்பத்தின் பெரிய உறுப்பினர். விரல் நீளத்துக்கு இருக்கும். பச்சையிலும் உண்டு, காய்ந்த சருகின் பழுப்பிலும் உண்டு. வேலிப்புதர், காட்டோரம் என்று வாழும். இரவானால் வெகுதூரம் கேட்கும்படி பாடும். கார்ல் லின்னேயஸ் 1758லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். அவருடைய மாணவர்களால் நம் சோழமண்டலக் கரைக்கும் பூச்சியியல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. யோஹான் கெர்ஹார்ட் கூனிக் என்ற அவர் மாணவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். இன்னொரு மாணவரான ஃபாப்ரீசியஸ், தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் போன பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் உட்கார்ந்து பெயரிட்டார். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டினால் எட்டிவிடும் ஊர் அது. அந்தப் பூச்சிகள் ஊசியில் குத்தப்பட்டு, காய்ந்து, வாய் மூடித்தான் போய்ச் சேர்ந்தன. உடலைப் பார்த்து இனம் பிரிப்பதே அன்றைய வழி. இன்றும் பெரும்பாலும் அதுவே வழி.

மெக்கோபோடாவில் அந்த வழி அடைபட்டுப்போனது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனின் ஆய்வுக்கூடம் பூச்சிகளின் பாட்டை ஆராய்வதில் உலக அளவில் பெயர் பெற்றது. அங்கே விவேக் நித்யானந்தாவும் அவரும் தென்னிந்தியாவின் மெக்கோபோடாக்களைப் பதிவுசெய்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு காண முடியாத ஒரே உருவம். பாட்டு மட்டும் ஐந்து. ஒன்று சீரான இடைவெளியில் ஒற்றைக் கிறீச்சொலி எழுப்புகிறது. ஒன்று இரட்டைக் கிறீச்சொலி. ஒன்றுக்கு ஹெலிகாப்டர் என்று பெயரிட்டார்கள், ஒன்றுக்கு ரயில். இன்னொன்றின் பாட்டு இரு பகுதிகளாக வருகிறது. ஒரே இனத்துக்குள் இப்படி ஐந்து மொழி இருக்க முடியுமா? பெண் தன் வகைப் பாட்டைக் கேட்டுத்தான் ஆணைத் தேடிப் போகிறது. பாட்டு மாறினால் சோடி சேர்வது நின்றுபோகும். தலைமுறை தலைமுறையாக அது நின்றால் இனமே பிரியும். பிறகு இதே ஆய்வுக்கூடத்திலிருந்து 2017இல் வந்த ஆய்வு, இந்தப் பாட்டு வகைகள் இனப்பெருக்கத்திலும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்பதை எடுத்துக்காட்டியது. 1758இல் ஒரே பெயருக்குள் அடங்கியதன் உள்ளே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அருங்காட்சியகப் பெட்டி சொல்லியிருக்காது.

ஒற்றைக் கிறீச்சொலி வகையில் இன்னொரு விசேஷம். பக்கத்துப் பக்கத்துப் புதரில் இருக்கும் ஆண்கள் ஒரே நேரத்தில் கத்துகின்றன. தாளம் போட யாரும் இல்லாமலேயே தாளம் சேர்கிறது. ஒவ்வொன்றும் அண்டை வீட்டுக்காரனின் ஒலியைக் கேட்டதும் தன் அடுத்த ஒலியின் நேரத்தைச் சற்றே முன்பின் தள்ளிக்கொள்கிறது; தன் இயல்பான வேகத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. இந்த இரண்டு சிறு விதிகள் போதும், கூட்டமே ஒன்றாகிவிடும். பார்ப்பதற்கு ஒற்றுமை போலத் தெரிந்தாலும் அடியில் ஓடுவது போட்டி. மெக்கோபோடாவில் நடந்த சோதனைகளில், இரண்டு ஆண்களின் ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக வரும்போது, நொடியில் பத்தில் ஒரு பங்கு முந்தியவனை நோக்கியே பெண் பெரும்பாலும் போகிறது. பிந்தியவன் பாடியும் பயனில்லை. அதனால் எவனும் பிந்த விரும்புவதில்லை. அந்த அவசரத்திலிருந்தே கூட்டுத்தாளமும் விளைகிறது.

பாடுவது ஆண், தேடிப் போவது பெண் என்பதுதான் இந்தக் குடும்பத்தின் பொது வழக்கம். கர்நாடக மலைப்பகுதியான குதிரேமுக் காட்டின் பலா மரங்களில் அது மாறுகிறது. ஓனோமார்க்கஸ் யூனிநோட்டேட்டஸ் என்ற இனத்தின் ஆண் 3.2 கிலோஹெர்ட்ஸில் சீட்டி அடிப்பது போலப் பாடுகிறது. தன் சொந்தங்களின் கீச்சுக்குரல்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் தாழ்ந்த சுரம். எந்த வயதினருக்கும் கேட்கும். பாட்டைக் கேட்ட பெண் பதிலுக்குப் பாடுவதில்லை, கிளம்பி வருவதும் இல்லை. இருந்த இடத்திலேயே உடம்பைக் குலுக்குகிறது. குலுக்கல் கிளை வழியாகப் போகிறது. ஆண் பாட்டை விட்டுவிட்டு, கிளையின் அதிர்வைக் காலால் உணர்ந்து, அது வரும் திசையில் நடந்து போய்ச் சேர்கிறது. ரோகிணி பாலகிருஷ்ணனின் குழு 2015இல் இதை வெளியிட்டபோது, ஒருவர் காற்றிலும் மற்றவர் மரத்திலும் பேசிக்கொள்ளும் இப்படி ஒரு உரையாடல் அதற்கு முன் அறியப்படாததாக இருந்தது.

பாட்டுக்கு விலை உண்டு. எதிரிக்கும் காது இருக்கிறது. குதிரேமுக்கில் மெகாடெர்மா ஸ்பாஸ்மா என்னும் வௌவால் இரையைப் பிடித்துக்கொண்டு தன் தங்குமிடத்துக்கு வந்து தொங்கியபடி தின்னும். வேண்டாத சிறகைக் கீழே உதிர்க்கும். அந்தச் சிறகுகளைத் தினம் பொறுக்கி எண்ணினால் யார் அதிகம் சாகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆணின் சிறகில் அரம் இருக்கும், பெண்ணின் சிறகில் அது இருக்காது. உயிரைப் பணயம் வைத்துச் சத்தம் போடும் ஆண்தான் அதிகம் மாட்டும் என்று யாரும் எதிர்பார்ப்போம். கீழே கிடந்தவை பெரும்பாலும் பெண்களின் சிறகுகள். வௌவால் பாட்டையும் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் பறக்கும் பூச்சியை அது இன்னும் எளிதாகக் குறிவைக்கிறது. மரம் விட்டு மரம் அதிகம் பறப்பது பெண். ஆண் ஒரே இடத்தில், இலைகளுக்கு நடுவே மறைந்து பாடுகிறது; ஆபத்து நெருங்கினால் வாயடைத்துக்கொள்கிறது. இந்த வௌவாலின் பெரிய சொந்தம் ஒன்று தமிழகச் சமவெளியில் பழைய கோயில் மண்டபங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்குகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாரிமுத்து அதை ஆராய்ந்து, தவளை அசையும் அரவத்தைக் கேட்டே இருட்டில் அதைப் பிடிப்பதைக் காட்டினார். கோயில் மண்டபத் தரையில் சிறகுகள் சிதறிக் கிடந்தால் பெருக்கித் தள்ளும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

சோடி சேர்ந்த பிறகு ஆண் தன் பெண்ணுக்கு ஒரு சீர் கொடுக்கிறது. விந்துப்பையோடு ஒட்டிய, புரதம் நிறைந்த ஒரு வெள்ளைக் கட்டி அது. பெண் வளைந்து அந்தக் கட்டியைத் தின்று முடிக்கும் வரை விந்து உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். சில இனங்களில் இந்தக் கட்டி ஆணின் எடையில் கால் பங்கையும் தாண்டுகிறது. இவ்வளவு கொடுக்கிறவன் யாருக்கும் கொடுத்துவிடுவானா? அமெரிக்காவில் மார்மன் கிரிக்கெட் என்று சொல்லப்படும் நீள்கொம்பு வெட்டுக்கிளியில், இரை குறைந்த காலத்தில் பெண்கள் ஆணுக்காகச் சண்டையிட்டுக்கொள்வதையும், எடை குறைந்த பெண்ணை ஆண் தள்ளிவிடுவதையும் டாரில் க்வின் 1981இல் பதிவுசெய்தார்.

மீண்டும் நெல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பூச்சியின் கதி அங்கேதான் தீர்மானமாகிறது. கோனோசெபாலஸ் சுத்த சைவமும் இல்லை, முழு வேட்டைக்காரனும் இல்லை. நெல் பூக்கும்போது மகரந்தத்தைக் கடிக்கும், பால் பிடிக்கும் மணியையும் கொஞ்சம் தின்னும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் குருத்துப்பூச்சியின் முட்டை, கதிர்நாவாய்ப் பூச்சியின் முட்டை, புகையானின் குஞ்சு, தத்துப்பூச்சியின் குஞ்சு என்று அது தின்னும் மற்ற பட்டியலைப் பார்த்தால், மொத்தக் கணக்கில் விவசாயிக்கு லாபமே மிஞ்சுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், நெல் விவசாயிக்குத் துணை நிற்கும் பூச்சிகளைப் பற்றி 1987இல் வெளியிட்ட கையேட்டில் கோனோசெபாலஸுக்கும் இடம் கொடுத்தது. சிலந்தி, தட்டான், பொறிவண்டு ஆகியவற்றோடு சேர்த்து அதையும் நண்பன் வரிசையில் வைத்தது.

மருந்தடித்தால் இந்த வரிசை முழுதும் முதலில் விழும். குருத்துப்பூச்சியின் புழு தண்டுக்குள் இருக்கிறது. புகையான் தூரின் அடியில், தண்ணீரை ஒட்டி இருக்கிறது. இலைமேல் திறந்தவெளியில் அலைந்து வேட்டையாடுகிற பூச்சிதான் தெளிப்பில் நனைகிறது. புகையான் திரும்பப் பெருக வாரங்கள் போதும். அதைத் தின்கிறவை அந்த வேகத்தில் பெருகுவதில்லை. 1970களில் ஆசியாவின் நெல் வயல்களில் புகையான் வெறிகொண்டு பெருகியதற்கு அளவுக்கு மீறிய தெளிப்பே காரணம் என்பதை ஆய்வாளர்கள் வயலிலேயே காட்டினார்கள். இந்தோனேசிய அரசு அதை ஏற்று, 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. பிறகு விவசாயிகளை வயலிலேயே உட்கார வைத்து, எது எதைத் தின்கிறது என்று அவர்களே பார்த்து முடிவெடுக்கும் வயல்வெளிப் பள்ளிகளை நடத்தியது. அந்த முறை அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் பரவியது. நம் ஊரில் மருந்துக்கடைக்காரர் ஒரு பாட்டிலை நீட்டும்போது வயலில் போய் எண்ணிப் பார்த்தாயா என்று கேட்பார் யாரும் இல்லாமல் போனது எனக்குத் தீராத வருத்தம்.

எண்ணிப் பார்க்க வேண்டியது முட்டைக்குவியலை மட்டும் அல்ல. கிழிந்த குவியலையும் சேர்த்து எண்ண வேண்டும். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுவது குருத்துப்பூச்சி முட்டைகளைக் குறைக்கும் பழைய, நல்ல வழி. அதற்குப் பிறகு வரும் முட்டைகளுக்கு வரப்பிலிருந்து ஆள் வர வேண்டும். கோனோசெபாலஸின் பிறப்பிடம் வரப்புப் புல்தான். நெல் அறுவடையானதும் அது ஒதுங்குவதும் அங்கேதான். முட்டை புல்தண்டுக்குள் இருப்பதால், வரப்பில் களைக்கொல்லி அடித்துப் புல்லைக் கருக்கினாலோ, தை மாசத்தில் தீ வைத்தாலோ, அடுத்த சம்பாவுக்கு வரவேண்டிய தலைமுறை அங்கேயே முடிந்துபோகிறது. வரப்பில் தட்டைப்பயறும் உளுந்தும் போடச் சொல்லி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இந்த மாதிரி நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடம் கொடுக்கத்தான். பயறு போட வசதியில்லாதவர்கள் புல்லையாவது விட்டுவைக்கலாம். வழி அடைத்து, எலி பெருகி, வெட்டியே ஆகவேண்டும் என்றால், ஒரு பக்க வரப்பை மட்டும் முதலில் அரிவாளால் வெட்டி, அதில் புல் மறுபடி தழைத்த பின்பு அடுத்த பக்கத்தில் கை வைக்கலாம். வேலை கூடுதல் இல்லை, காசும் கூடுதல் இல்லை. ஐப்பசியில் அந்த வரப்பை ஒட்டிய முதல் சில வரிசை நெல்லில் முட்டைக்குவியல்களைப் புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் அங்கேயே தெரியும்.